சோர்ந்த மனத்தின் தீர்ப்புகள்: மனச்சோர்வும் அறிகை அணுகுமுறையும்

தமிழ் நாளிதழ்களிலும் அன்றாடப் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு வழங்கிவருவதால், உளவியல் தனித்தனியே ஆராயும் இரு பொருள்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. வேலைப்பளு, கடன், நெருங்கிவரும் தேர்வு முதலிய புறச்சுமைகளால் உடலும் மனமும் இறுகுவது ‘ஸ்ட்ரெஸ்’ எனப்படும் அழுத்தம். சுமை இறங்கும்போது அதுவும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ‘டிப்ரஷன்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மனச்சோர்வு அதனின்றும் வேறானது. ஏறத்தாழ எல்லா நாள்களிலும், நாளின் பெரும்பகுதி நேரமும், துயரம் கவிந்த மனநிலையோ முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மையோ இருக்க, அதனுடன் தூக்கக் கோளாறு, பசி மாற்றம், அசதி, கவனச் சிதறல், தன்னைப் பயனற்றவராகக் கருதுதல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் சிலவும் சேர்ந்து, மொத்தம் ஐந்து அறிகுறிகளேனும் 2 வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதை நோயாகக் கணக்கில் கொள்கிறது. உலகில் ஏறத்தாழ 28 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. இந்தியாவில் 2015–16ஆம் ஆண்டு நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் இதற்கு ஆளாவதாகக் கண்டது.

இவர்களில் பலர் மருத்துவரிடம் வரும்போது மனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. “ராத்திரி தூக்கமே பிடிக்கல”, “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு”, “வாய்க்கு எதுவும் ருசிக்கல” என்றே முறையிடுகிறார்கள். சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த அசதிக்கும் உறக்கமின்மைக்கும் அடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணங்கள், யாரும் கேட்காததால், வெளிவராமலே போகின்றன. அந்த எண்ணங்களைக் கேட்டதிலிருந்தே மனச்சோர்வு பற்றிய அறிகை அணுகுமுறை தொடங்கியது.

அறிகை என்பது கவனித்தல், நினைவில் இருத்தல், பொருள்கொள்ளுதல், காரணம் காணுதல், முடிவுக்கு வருதல் எனச் செய்திகளை மனம் கையாளும் செயல்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர். துயரம் மிகுந்திருப்பதால் எண்ணங்கள் இருண்டிருக்கின்றன என்பதே பொதுவாக நிலவும் கருத்து. அதில் தவறில்லை, ஆனால் அது பாதி உண்மைதான் என்று அறிகை அணுகுமுறை கூறுகிறது. இருண்ட எண்ணங்கள் துயரத்தின் விளைவாகத் தோன்றுவதோடு நில்லாமல், அத்துயரத்தை மேலும் வளர்க்கும் காரணமாகவும் மாறிவிடுவதால், துயரமும் எண்ணமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் உருவாகிறது. அச்சுழலை எண்ணத்தின் பக்கத்திலிருந்து அறுக்க முடியும் என்பதே இவ்வணுகுமுறையின் மையக் கருத்து.

இக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக். 1921இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1954 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2021 நவம்பரில் தமது 100ஆம் வயதில் மறைந்தார். தொடக்கத்தில் அவர் சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்பாய்வில் முறையான பயிற்சி பெற்று, அதில் உறுதியான நம்பிக்கையும் கொண்டிருந்தவர். துக்கத்தையும் மனச்சோர்வையும் ஒப்பிட்டு 1917இல் வெளியிட்ட கட்டுரையில் பிராய்டு, இழந்துவிட்ட ஒருவர்மீது எழும் சினம் வெளியே செல்ல வழியின்றித் தன்மீதே திரும்புவதே மனச்சோர்வு என்று விளக்கியிருந்தார். பெக் இந்தக் கோட்பாட்டை மறுப்பதற்காக ஆய்வில் இறங்கவில்லை. அறிவியல் உலகம் ஏற்கும் வகையில் அதை நிறுவிக்காட்டவே இறங்கினார். உள்ளே அடக்கப்பட்ட சினம் உண்மையானால் அது கனவுகளிலாவது தலைகாட்ட வேண்டும் என்று கருதி, மனச்சோர்வுற்றோரின் கனவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்.

கிடைத்த முடிவு அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. அக்கனவுகளில் பகையைவிடத் தோல்வியும் இழப்பும் புறக்கணிப்புமே மேலோங்கி நின்றன. விழித்திருக்கும்போது நோயாளிகள் தம்மைப் பற்றிச் சொன்னவையும் அவையே. துன்பப்பட வேண்டும் என்ற உள்மன வேட்கை அவர்களுக்கு இருக்கலாமோ என்று கருதி, சிறு பணிகளைக் கொடுத்து அவற்றில் வெற்றிபெறச் செய்தபோது, அவர்கள் வெற்றியைத் தட்டிக்கழிக்காமல் ஊக்கம் பெற்றனர். துன்பத்தை விரும்புபவர் அப்படி நடந்துகொள்ள மாட்டார். கோட்பாட்டுக்கேற்பச் சான்றுகளை வளைக்காமல், சான்றுகளுக்கேற்பக் கோட்பாட்டைக் கைவிட்ட அந்த நேர்மைதான் பெக்கின் வாழ்வில் எண்ணிப் போற்றத்தக்க பகுதி. பின்னாளில் அவர் தம் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே பழக்கத்தைத்தான்.

திருப்பம் நிகழ்ந்த இன்னோரிடத்தை 1976இல் வெளிவந்த தமது நூலில் அவர் பதிவுசெய்துள்ளார். மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்ல வேண்டும் என்ற உளப்பகுப்பாய்வு விதிப்படி பேசிக்கொண்டிருந்த ஒரு நோயாளி, பெக்கையே கடுமையாகக் குறைகூறிக்கொண்டிருந்தார். அப்போது எப்படி உணர்ந்தார் என்று கேட்டதற்குக் குற்றவுணர்வாக இருந்தது என்றார். சினத்திலிருந்து நேரே குற்றவுணர்வு பிறந்தது என்று முடிவுகட்டப் பிராய்டியக் கோட்பாடு இடங்கொடுத்திருக்கும். ஆனால் அந்த நோயாளி மேலும் ஒன்றைச் சொன்னார்: வாய் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், தாம் பேசுவது தவறு, இவரைக் குறைசொல்லியிருக்கக் கூடாது, இவருக்குத் தம்மைப் பிடிக்காமல் போய்விடும் என்று இன்னொரு வரிசை எண்ணங்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. சினத்துக்கும் குற்றவுணர்வுக்கும் இடையில் நின்ற கண்ணி அந்த எண்ணங்களே. மற்ற நோயாளிகளைக் கேட்டபோது அவர்களிடமும் அத்தகைய இரண்டாம் ஓட்டம் இருந்தது. கேட்கப்படும்வரை அவர்களே அதைக் கவனித்திருக்கவில்லை.

இவற்றையே பெக் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று அழைத்தார். ஆராய்ந்து, கூட்டிக் கழித்து வரும் முடிவுகளைப் போலன்றி, இவை கணநேரத்தில் தாமாகத் தோன்றுபவை. பெரும்பாலும் அரைகுறைச் சொற்களாகவோ ஒரு காட்சியாகவோ அமைபவை. தோன்றும்போதே முழு உண்மைபோல் தோற்றமளிப்பதால் யாரும் இவற்றை ஐயுறுவதில்லை. மனச்சோர்வுற்றோரிடம் இவ்வெண்ணங்கள் மூன்று பொருள்களைச் சுற்றியே வருவதைக் கண்ட பெக், அதனை ‘அறிகை முக்கோணம்’ என்றார்: தான் தகுதியற்றவர், சுற்றியுள்ள உலகம் தடைகளால் ஆனது, எதிர்காலம் மாறப்போவதில்லை. மூன்றாவது முனையே மிகவும் அபாயமானது. தற்கொலை எண்ணத்தோடு நெருங்கிய தொடர்புடையது துயரத்தின் ஆழத்தைவிட நம்பிக்கையின்மையே என்பது பெக்கும் அவர் குழுவினரும் தொடர்ந்து வலியுறுத்திய கண்டறிவு.

எண்ணங்கள் திரிவது எப்படி என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டு விளக்கும். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 12ஆம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் வகுப்பில் 42 மாணவர்கள் தேர்வெழுதி, 39 பேர் தேர்ச்சி பெறுகின்றனர், மூவர் தவறிவிடுகின்றனர். முடிவு வெளியான அன்று காலை, வராந்தாவில் எதிர்ப்பட்ட தலைமையாசிரியர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் கடந்து போகிறார். “நான் எதுக்குமே லாயக்கில்லை” என்ற ஓர் எண்ணம் ஆசிரியையின் மனத்தில் சுருக்கென்று தோன்றுகிறது. சில மாதங்களாகவே சோர்ந்திருக்கும் அந்த மனம் இங்கே பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. 39 பேரை விட்டுவிட்டு மூவரை மட்டும் எடுத்துக்கொள்வது தேர்ந்து பிரித்தல். தலைமையாசிரியரின் மௌனத்துக்குத் தம்மைத் தவிர வேறு காரணமே இருக்க முடியாது என்று கொள்வது தன்மேல் ஏற்றுதல். மூவரின் தோல்வியிலிருந்து ‘எதுக்குமே’ என்ற சொல்லுக்குத் தாவுவது மிகைப்பொதுமையாக்கம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி இல்லையேல் அது தோல்வியே என்று கருதுவது, இடைநிறம் எதுவுமில்லாத கறுப்பு வெள்ளைச் சிந்தனை. இவற்றோடு சான்றின்றி முடிவுகட்டுதல், சிறியதைப் பெரிதாக்கிப் பெரியதைச் சிறிதாக்குதல் ஆகியவற்றையும் சேர்த்துச் சிந்தனைத் திரிபுகள் என்று பெக் வகுத்தார். தேர்ச்சி விகிதத்தை வைத்தே ஆசிரியரை அளக்கும் கல்வி முறையும் இத்திரிபுக்குத் துணைநிற்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அதே வகுப்பு, அதே முடிவு, அதே தலைமையாசிரியர் இன்னொருவருக்கு வாய்த்திருந்தால் இப்படித் தோன்றியிருக்காது என்பதற்கு, இருவரின் மனத்திலும் அடியில் கிடக்கும் ‘ஸ்கீமா’ என்ற மனச்சட்டகம் வேறுபடுவதே காரணம் என்று அறிகை அணுகுமுறை கூறுகிறது. தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் குழந்தைப் பருவம் முதல் படிந்து இறுகிய நம்பிக்கைகளின் தொகுப்பே இந்தச் சட்டகம். பாராட்டு என்பது முதல் மதிப்பெண்ணுக்கு மட்டுமே கிடைத்த வீட்டில் வளர்ந்த குழந்தை, ‘வென்றால்தான் எனக்கு மதிப்பு’ என்ற விதியை வாய்திறந்து சொல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. வெற்றிகள் தொடரும்வரை அந்த விதி உறங்கிக் கிடக்கலாம். தொடர்ந்து உழைக்கவும் தூண்டலாம். அதைத் தொடும் ஓர் இழப்போ தோல்வியோ நேரும்போது அது விழித்தெழுந்து, புதிதாக வரும் செய்திகளில் தனக்கு ஒத்தவற்றை மட்டும் உள்ளே விட்டு, ஒவ்வாதவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. “நல்லாதானே சொல்லிக்கொடுக்கிறீங்க, டீச்சர்” என்று ஒரு மாணவியின் தாய் வந்து சொன்னாலும், “பாவம், ஆறுதலுக்குச் சொல்றாங்க” என்று அது கழித்துவிடுகிறது.

பெக் மருத்துவ அறையில் கண்டதை, அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் விலங்குக் கூடத்தில் வேறொரு கோணத்திலிருந்து கண்டனர். 1967இல் வெளியான அவர்களின் சோதனையில், ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடிந்தது. இன்னொரு குழு அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றும், என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியவில்லை. பின்னர், ஒரு தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விடப்பட்டபோது முதற்குழு எளிதில் குதித்துத் தப்பியது. இரண்டாம் குழுவின் 8 நாய்களில் 6, வழி திறந்திருந்தும், பெரும்பாலும் தப்பிக்க முயலாமல் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு கிடந்தன. கொடுமையான சோதனைதான், ஆனால் அது காட்டிய உண்மையைப் புறந்தள்ள முடியவில்லை. இந்நிலைக்குக் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற பெயர் தமிழில் மிகவும் பொருந்துகிறது. புரவலனை இழந்தோர் செயலற்றுப் புலம்பும் பாடல்களுக்குப் புறப்பொருள் இலக்கணம் வைத்த துறைப்பெயர் கையறுநிலை. தந்தையான வள்ளல் பாரியை இழந்த மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாடலுக்கும் துறை அதுவே. துயரத்துக்குள் ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்ற செயலறுதியும் சேர்ந்திருப்பதை அந்தப் பழஞ்சொல் நன்கு கண்டிருக்கிறது.

மனிதர்களுக்கு வந்தபோது, கட்டுப்பாட்டை இழந்த எல்லோரும் சோர்ந்துவிடுவதில்லை என்பது தெரிந்தது. ஆகவே 1978இல் லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் கோட்பாட்டைத் திருத்தி, நேர்ந்த துன்பத்துக்கு ஒருவர் எத்தகைய காரணத்தைக் கற்பிக்கிறார் என்பதை முன்னிறுத்தினர். ‘என்னால்தான்’, ‘என்றும் இப்படித்தான்’, ‘எதிலும் இப்படித்தான்’ என மூன்று திசையிலும் விரியும் காரணங்களைக் கற்பிப்போரே மனச்சோர்வுக்கு எளிதில் இலக்காகின்றனர் என்பது அவர்களின் கருத்து. முதற்சோதனைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016இல் மேயரும் செலிக்மனும் தம் விளக்கத்தையே தலைகீழாக்கினர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுப்போவது விலங்கு கற்றுக்கொள்வதன்று. அது மூளைத்தண்டிலிருந்து இயல்பாக எழும் பதில்வினை. கற்றுக்கொள்ளப்படுவது அதற்கு எதிரானது: நிலைமை தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதை மூளையின் முன்புறணிப் பகுதி உணர்ந்து, அந்தச் செயலறுதியை அடக்குகிறது. இத்திருத்தம் ஆய்வுலகைத் தாண்டியும் பொருளுள்ளது. சோர்ந்து கிடப்பவரிடம் ஏன் எழவில்லை என்று கேட்பது பயனற்றது. எழ முடியும் என்ற அனுபவத்தைச் சிறிய அளவிலேனும் அவருக்கு அமைத்துத் தருவதே பயன் தருவது.

சோர்வு ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்குச் சூசன் நோலன்–ஹோக்சீமாவின் ஆய்வுகள் விடை தேடின. துயரம் வந்தபின் அதன் காரணங்களையும் விளைவுகளையும் திரும்பத்திரும்ப உள்ளே உருட்டிக்கொண்டிருக்கும் பழக்கத்தை ஆங்கிலத்தில் மாடு அசைபோடுவதைக் குறிக்கும் சொல்லாலேயே அழைக்கின்றனர். தமிழில் ‘பழைய நினைவுகளை அசைபோடுதல்’ என்பது இனிமையான பொருளில் வழங்குவதால், இங்கே அதைக் கசப்பை அசைபோடுதல் என்று கொள்வது தகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும் இப்பழக்கத்தையும் அவர் அளவிட்டு முடித்த இரண்டு வாரங்களுக்குள், 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. எதிர்பாராமல் அமைந்த அவ்வாய்ப்பைப் பயன்படுத்தி அதே மாணவர்களை மீண்டும் அளவிட்டபோது, முன்பே அசைபோடும் பழக்கமுடையவர்களாக இருந்தோர், நிலநடுக்கத்துக்கு 7 வாரங்களுக்குப் பின்னும் மற்றவர்களைவிட அதிகமாகச் சோர்ந்திருந்தனர். அவர்கள் தம் சிக்கலைத் தீர்க்கச் சிந்திப்பதாகவே நம்பினர் என்பதுதான் வருந்தத்தக்கது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ‘இப்போது என்ன செய்யலாம்?’ என்ற கேள்வியை அது வரவிடுவதும் இல்லை.

நினைவும் இதில் பங்குகொள்கிறது. 1986இல் மார்க் வில்லியம்ஸும் அவருடைய உடனாய்வாளரும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டித் தம் வாழ்வில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்லக் கேட்டனர். மற்றவர்கள் ஒரு நாளையும் ஓரிடத்தையும் சுட்டிச் சொல்லும்போது, இவர்கள் பெரும்பாலும் ஒரு பொதுக்கூற்றோடு நின்றுவிட்டனர். தமிழில் சொல்வதானால், ‘மகிழ்ச்சி’ என்றதும், “போன பொங்கலுக்கு அம்மா வீட்டு மொட்டை மாடியில எல்லாரும் உட்கார்ந்து கரும்பு தின்னது” என்று ஒருவர் சொல்ல, “அம்மா வீட்டுக்குப் போனா நல்லா இருக்கும்” என்பதோடு மற்றவர் முடித்துவிடுவதைப் போன்றது இது. மொட்டை மாடியும் கரும்பும் இல்லாத நினைவால், ‘என் வாழ்வில் நல்லதே நடந்ததில்லை’ என்ற தானியங்கி எண்ணத்தை எதிர்த்துச் சாட்சி சொல்ல முடிவதில்லை.

இந்தப் புரிதலின்மேல் எழுப்பப்பட்ட அறிகைச் சிகிச்சை, வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள்வரை நீள்வது. பெக் 1961இல் வெளியிட்ட 21 வினாக்கள் கொண்ட அளவுகோல், இன்றும் சோர்வின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படுகிறது. சிகிச்சையில் நோயாளியும் சிகிச்சையாளரும் ஓர் ஆய்வின் இரு பங்காளிகளைப் போல அமர்கின்றனர். எண்ணம் என்பது தீர்ப்பாகக் கொள்ளப்படாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோளாகக் கொள்ளப்படுகிறது. மேலே சொன்ன ஆசிரியை ஒரு நோட்டில் கோடு போட்டுச் சூழல், எண்ணம், உணர்ச்சி, சான்று, மாற்று விளக்கம் என நிரல்களாகப் பிரித்து எழுதுகிறார். “நான் எதுக்குமே லாயக்கில்லை” என்பதற்கு எதிரே, துயரம் 100க்கு 90 என்று குறிக்கிறார். நீங்கள் நல்ல ஆசிரியைதான் என்று சிகிச்சையாளர் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஆறுதல் பட்டியலில் சேர்ந்து கழிந்துவிடும். மாறாக, அந்த மூவரும் யார் என்று கேட்கிறார். ஒருவன் பிப்ரவரி முதல் வேலைக்குப் போனதால் பள்ளிக்கே வராதவன். இன்னொருவன் கணிதத்தில் மட்டுமின்றி நான்கு பாடங்களிலும் தவறியவன். மூன்றாமவளின் பின்தங்கலைத் தாம் கவனித்தும் நேரம் ஒதுக்கவில்லை என்று ஆசிரியை ஒப்புக்கொள்கிறார். மூன்றாவது விடை உண்மையானது; அது மழுப்பப்படுவதில்லை. துணைத்தேர்வுக்கு அந்த மாணவியைத் தயார்செய்ய வாரம் இரண்டு மாலைகள் ஒதுக்க இயலுமா என்ற செயல்முறைக் கேள்வியாக அது மாற்றப்படுகிறது. மறுபடி அளக்கும்போது துயரம் 55. அது பூச்சியமாவதில்லை, ஆகவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

எண்ணங்களை எழுதக்கூட இயலாத அளவுக்குச் சோர்ந்திருப்போருக்குச் சிகிச்சை செயலிலிருந்து தொடங்குகிறது. காலையில் எழுந்தது முதல் மணிவாரியாகச் செய்தவற்றைக் குறித்து, ஒவ்வொன்றிலும் கிடைத்த நிறைவையும் மகிழ்ச்சியையும் எண்ணால் மதிப்பிடச் சொல்கின்றனர். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் ஒரு பயனும் இராது என்று முன்கூட்டி 0 போட்ட ஒருவர், ஊற்றிய பின் 3 போட நேர்ந்தால், அந்த 3 அவருடைய முன்கணிப்பு தவறக்கூடும் என்பதற்கு அவர் கையாலேயே எழுதிய சான்றாகிறது.

இச்சிகிச்சை பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வுடைய 240 பேரைக் கொண்டு பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வின் தொடர்ச்சியில், குணமானபின் மருந்தை நிறுத்தியோரில் 76 விழுக்காட்டினருக்கும், அறிகைச் சிகிச்சையை முடித்துக்கொண்டோரில் 31 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் சோர்வு திரும்பியது. மருந்து வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பலருக்கு மருந்து இன்றியமையாதது, இரண்டும் சேரும்போது பலன் கூடுவதும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. கற்றுக்கொண்ட திறன் சிகிச்சை முடிந்த பின்னும் கூடவே இருக்கிறது என்பதையே அந்த எண்கள் உணர்த்துகின்றன.

அறிகை அணுகுமுறைமீது வைக்கப்படும் மறுப்புகளில் சில வலுவானவை. சோர்ந்தோரின் எண்ணங்கள் எப்போதும் திரிந்தவையா என்பது ஒன்று: 1979இல் லாரன் அலாயும் ஏப்ரம்சனும் நடத்திய சோதனையில், ஒரு பொத்தானை அழுத்துவதற்கும் ஒரு பச்சை விளக்கு எரிவதற்கும் தொடர்பே இல்லாதபோது, அதைச் சரியாகக் கணித்தவர்கள் சோர்வுற்ற மாணவர்களே, மற்றவர்கள் தமக்கில்லாத கட்டுப்பாட்டை இருப்பதாக நம்பினர். இம்முடிவு பிந்தைய ஆய்வுகளில் உறுதியாக நிலைக்கவில்லை என்றாலும், ‘தெளிவான மனம்’ என்று எளிதாகப் பேசிவிட முடியாது என்பதை அது நினைவூட்டியது. 1996இல் நீல் ஜேக்கப்சனின் குழு, சிகிச்சையில் செயலிலிருந்து தொடங்கும் செயலூக்கப் பகுதியை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தபோதும் முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிட்டுவதைக் காட்டியது; எனவே குணப்படுத்துவது எண்ண மாற்றம்தானா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு சமூகத்திலிருந்து வருவது. ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வு, வறுமை, வேலையின்மை, மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாமை, சிறுவயதில் தாயை இழந்தமை ஆகியவை மனச்சோர்வுக்கு வழிவகுப்பதைக் காட்டியது. குடிகாரக் கணவனிடம் நாள்தோறும் அடிவாங்கும் பெண்ணின் ‘எனக்கு வழியில்லை’ என்ற எண்ணத்தைத் திரிபு என்று சொல்வது அறிவீனம். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. “எல்லாம் மனசுதான் காரணம், தைரியமா இரு” என்ற வீட்டு அறிவுரையை அறிகை அணுகுமுறையின் சுருக்கமாக எண்ணுவோரும் உள்ளனர். அவ்வறிவுரை நோயாளியின் தோளில் குற்றத்தையும் ஏற்றிவிடுகிறது. எண்ணம் தானாகத் தோன்றுவது என்றுதான் பெக் சொன்னார். தானாகத் தோன்றுவதற்கு யாரும் குற்றவாளியாக மாட்டார்.

வறுமைக்கு நடுவிலும் இவ்வணுகுமுறை பயன்படுமா என்பதற்குத் தெற்காசியாவிலேயே விடை கிடைத்துள்ளது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதீஃப் ரஹ்மானின் குழு, பள்ளிப்படிப்பு மட்டுமே முடித்த ஊரகப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு எளிய அறிகைப் பயிற்சி தந்து, மனச்சோர்வுடைய கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பியது. ‘மனநோய்’ என்ற பேச்சையே எடுக்காமல், குழந்தையின் நலனை முன்வைத்து உரையாடல்கள் நடந்தன. 2008இல் வெளியான முடிவின்படி, குழந்தை பிறந்து 6 மாதங்களில், இத்தகைய உரையாடல்களைப் பெறாத தாய்மாரில் 53 விழுக்காட்டினர் இன்னும் சோர்வில் இருக்க, பெற்றவர்களில் அது 23 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் விக்ரம் படேலின் குழு, உளவியல் பட்டம் பெறாத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு 6 முதல் 8 அமர்வுகளில் செயலூக்கச் சிகிச்சையை அளித்தபோது, 3 மாதங்களில் 64 விழுக்காட்டினர் நலமடைந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் அது 39 விழுக்காடு. இம்முடிவு 2017இல் வெளியானது.

உளமருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே கிடைக்கும் ஒரு நாட்டில், இந்த இரண்டு ஆய்வுகளும் ஆட்சியாளர்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டியவை. கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஏற்கெனவே வீடுகளுக்குச் சென்றுவருகின்றனர். தூக்கம் வரவில்லை என்று சொல்பவரிடம், தூக்கம் வராத அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்கும் பயிற்சியை அவர்களுக்கு அளிப்பது இயலாத காரியமன்று. அக்கேள்வியை வீட்டில் உள்ளவர்களும் கேட்கலாம். கேட்டபின் அறிவுரை சொல்லாமல் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வெளிப்பட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது: இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. இரண்டு எண்களும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன.